கம்பிச்சுருளின் பிடிவாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் அட்டைக் குழாயின் மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியை வரிசையாகச் சுற்றினால் மின்தூண்டி தயார். பார்க்கத்தான் சாது, குணம் மகா பிடிவாதம். மின்னோட்டம் புறப்படும்போது இழுத்துப் பிடிக்கும். ஓடுவதை நிறுத்தப் பார்த்தால் நிற்கவும் விடாது. மின்னோட்டம் மாறும்போது காந்தப்புலமும் மாறுகிறது. அந்த மாற்றம் கம்பியிலேயே எதிர்ப்பு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1832-இல் இதை எழுதி வெளியிட்ட ஜோசப் ஹென்றியின் பெயரே இன்று இந்தத் தூண்டலின் அலகு.

மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி ஒன்றை மின்னேற்றி இதனோடு இணையுங்கள். மின்தேக்கி காலியாகும் கணத்தில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும். சுருள் அதை நிற்க விடாமல் தள்ளிக்கொண்டு போய், மின்தேக்கியை எதிர்த்திசையில் நிரப்பிவிடும். பிறகு அங்கிருந்து திரும்பும். ஊஞ்சலேதான். 200 மைக்ரோஹென்றி சுருளுக்கு 127 பிகோஃபாரட் மின்தேக்கி சேர்ந்தால் நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஊசலாட்டம். வானொலியின் மத்திய அலைவரிசையின் நடுவே வந்துவிட்டோம். சுருளின் நீளத்தையும் விட்டத்தையும் மாற்றாமல் சுற்றுகளை மட்டும் இரட்டித்தால் தூண்டல் ஏறக்குறைய நான்கு மடங்காகும், அதிர்வெண் பாதியாகும்.

ஆனால் தள்ள ஆளில்லாத ஊஞ்சல் ஓய்ந்துவிடும். கம்பியின் மின்தடையே ஆற்றலைத் தின்றுவிடுகிறது. மின்பொறியால் அலை எழுப்பிய, தொடக்க கால வானொலியின் தீப்பொறி அலைபரப்பிகளின் தொல்லை இதுதான்: ஒவ்வொரு பொறியிலும் பிறந்த அலை உடனே தேய்ந்தது, தேய்ந்த அலை அகன்று பரவி அண்டை நிலையங்களின் செய்தியில் புகுந்தது. 1897-இல் ஆலிவர் லாட்ஜ் சுருளைக் கொண்டு அலைபரப்பியையும் ஏற்பியையும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கும் முறைக்குக் காப்புரிமை கோரியபோது நெரிசல் குறைய வழி பிறந்தது.

ஊஞ்சலை ஓயாமல் தள்ளும் கை, வெற்றிடக் கண்ணாடிக் குழாயான வால்வின் வடிவில் வந்தது. வால்வு பெருக்கித் தரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கை இன்னொரு சிறு சுருள் வழியாக முதல் சுருளுக்கே திருப்பி ஊட்டினார், 1912-இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். இந்த முறையின் காப்புரிமைக்கான வழக்கில் கடைசியில் வென்றவர் இன்னொரு கண்டுபிடிப்பாளரான லீ டி ஃபாரஸ்ட். பொறியாளர்கள் பலர் அந்தத் தீர்ப்பை ஏற்கவே இல்லை. நானும் அவர்கள் கட்சி. 1915-இல் ரால்ஃப் ஹார்ட்லி இரண்டாவது சுருளே வேண்டாம் என்றார். ஒரே சுருளின் இடையிலிருந்து ஓர் இணைப்பை எடுத்தால் போதும்.

ஊட்டுச் சுருளில் ஒரு சூட்சுமம் உண்டு. சிறுவயதில் நான் கட்டிய ஏற்பி இரண்டு நாள் ஊமையாகவே கிடந்தது. வால்வைச் சந்தேகித்தேன், மின்கலத்தைச் சந்தேகித்தேன். மூன்றாம் நாள், ஊட்டுச் சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றி இணைத்தேன். ஊஞ்சல் எதிரே வரும்போதெல்லாம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். காதொலிப்பானில் ஒரு கீச்சொலி எழுந்தது.