ரத்தக்குழாய்க்கு வேண்டியது வேலியோரம் இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் சாமி மேடைக்குப் பக்கத்திலோ டிவிக்கு மேலேயோ ஒரு விட்டமின் டப்பா உட்கார்ந்திருக்கும். ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் என்று சொல்லி விற்றதாம். ஒரு பாட்டி அதற்கு மாதம் 200 ரிங்கிட் கொடுக்கிறார். அவர் வீட்டு வேலியோரம் முருங்கை தழைத்து நிற்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை. எனக்கு மனசு வலித்தது.

நம் ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும்போது குழாய் தளர்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. இந்த உண்மையை வெளிக்கொண்டு வந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

கீரையில் இருக்கும் நைட்ரேட்டிலிருந்தும் உடம்பு இந்த வாயுவைத் தயாரித்துக்கொள்ளும். நாக்கின் மேல் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதற்கு முதல் வேலையைச் செய்கின்றன. பாயாம் கீரையில் நைட்ரேட் நிறைய உண்டு. ஆனால் சமைக்கும் விதம் முக்கியம். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் நைட்ரேட்டும் ஃபோலேட் என்ற விட்டமினும் தண்ணீரோடு போய்விடும். பூண்டு, வெங்காயம் தாளித்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, கீரை சுருண்டதும் இறக்கிவிடுங்கள். தேங்காய்ப்பூ வேண்டுமானால் கொஞ்சம் தூவலாம்.

விட்டமினுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் உள்ள உறவை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் நம் மலாயாவும் ஒன்று. 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், ஒரு பிரிவினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் இன்னொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்கு பெரிபெரி நோய் கண்டது, பலர் இறந்தார்கள். புழுங்கலரிசிக்காரர்கள் தப்பினார்கள். விட்டமின் பி1 இல்லாமல் போனால் வருவதுதான் இந்த பெரிபெரி; ரத்தக்குழாய்கள் அளவுமீறி விரிந்து, இதயம் திணறி, கால் வீங்கிவிடும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தோட்டத்துக்கு வந்த நம் மூதாதையர் சாப்பிட்டது அந்தப் புழுங்கல் சோறுதான்.

சரி, மாத்திரை? 2000இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதய நோய் ஆபத்துள்ள 9,500க்கும் மேற்பட்டோரில் பாதிப்பேருக்கு நாலரை வருடம் விட்டமின் இ கொடுத்தார்கள். மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. உண்மையிலேயே குறைபாடு இருப்பவர்கள் கதை வேறு. இனிப்புநீருக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். பாதம் மரத்துப்போனால் கிளினிக்கில் சொல்லி ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, உப்பு. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, கிச்சாப், பெலாச்சான், மேகி மீ எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். 2023 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 29.2 சதவீதத்தினருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. கருவாட்டை விடச் சொல்லவில்லை; ஊறவைத்து, அலசி, எப்போதாவது சாப்பிடுங்கள். மற்ற நாளில் கெம்போங் மீன் வாங்குங்கள். அதில் ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அதிலுள்ள விட்டமின் கே மருந்தின் வேகத்தை மாற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, வாழைப்பழம், இளநீர் எவ்வளவு எடுக்கலாம் என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இவற்றில் பொட்டாசியம் அதிகம். நன்றி, வணக்கம்.