கணக்கில் ஏறாத சாயத் தண்ணீர்

அனைவருக்கும் வணக்கம். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டபோதே தலைப்பையும் தந்துவிட்டார்: சுற்றுச்சூழலையும் நிர்வாக நெறியையும் மதிக்கிற நிறுவனம் அதிகம் சம்பாதிக்குமா? ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு காபி குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியில் எனக்கு இடறுவது ‘சம்பாதிப்பது’ என்ற சொல். எதைச் சம்பாத்தியம் என்கிறோம்?

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பால்வாடிக்குப் போயிருக்கக்கூடிய காலம். 2008 செப்டம்பரில் அந்த ஐதராபாத் மென்பொருள் நிறுவனத்துக்குச் சிறந்த நிர்வாகத்துக்கான ‘கோல்டன் பீகாக்’ விருது கிடைத்தது. அதே செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு வருமானம் 2,700 கோடி, செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று கணக்குக் காட்டினார்கள். உண்மையில் வருமானம் 2,112 கோடி, லாபம் வெறும் 61 கோடி. இதைத் தணிக்கையாளர் கண்டுபிடிக்கவில்லை. 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கையிருப்பாகவும் வங்கி இருப்பாகவும் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை. நம் ஊரில் புலிவாலைப் பிடித்த கதை என்போமே, அந்தக் கடிதத்திலும் புலிதான் வந்தது. இவர் அதன் முதுகில் ஏறியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். முந்தைய நாள் 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று 40 ரூபாய் அளவுக்கு விழுந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பு நடந்ததையும் பாருங்கள். ராஜு குடும்பத்தின் இரண்டு மேத்தாஸ் நிறுவனங்களை சத்யம் பணத்தில் வாங்க இயக்குநர் குழு சம்மதித்தது. (சத்யம் என்பதை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து படித்தால் மேத்தாஸ்!) இல்லாத பணம் இருக்க வேண்டிய இடத்தில் உண்மையான சொத்தைக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்பது திட்டம். அந்தக் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் உட்படப் பெரிய பெரிய ஆட்கள், அன்றாட நிர்வாகத்தில் இல்லாத வெளி இயக்குநர்களாக இருந்தார்கள். காகிதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. முதலீட்டாளர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் சில மணி நேரத்தில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

சரி, அது இல்லாததை எழுதிய கணக்கு. இருப்பதை எழுதாத கணக்கும் உண்டு. அதற்கு ஐதராபாத் போக வேண்டாம், திருப்பூர் போதும்.

ஒரு சாயப்பட்டறையின் பேரேட்டைத் திறந்தால் சாயம், உப்பு, விறகு, கூலி எல்லாவற்றுக்கும் பற்று எழுதியிருப்பார்கள். நொய்யல் ஆற்றில் விட்ட சாயத் தண்ணீருக்கும், அது கெடுத்த விவசாயியின் கிணற்றுக்கும் அதில் இடம் கிடையாது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. பட்டறையின் கணக்கைத் தணிக்கை செய்தவர் ஒரு பைசா பிசகு கண்டிருக்க மாட்டார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேல் மூடப்பட்டன. பல வருடமாக எழுதாமல் விட்ட பற்று, ஒரே நாளில் மொத்தமாக ஏறியது.

அப்புறம் மீண்டவர்கள் மீண்டார்கள். கழிவை வடிகட்டி, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு வழியாக அனுப்பி, மிச்சத்தை ஆவியாக்கி, தண்ணீரின் பெரும்பகுதியையும் உப்பையும் திரும்பச் சாயத்தொட்டிக்கே கொண்டுவருகிறார்கள். இன்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் இதை வெற்றிக்கதை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய பட்டறைக்காரர்கள் பலர் திரும்பவே இல்லை. கூடுதல் செலவு சாயம் போடுகிறவர் தலையில், பெருமை துணி வாங்கும் பிராண்டின் ஆண்டறிக்கையில்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2015-இல் மூன்று ஜெர்மன் ஆய்வாளர்கள் சுமார் 2,200 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அவற்றில் 90 சதவீதம், இந்த நெறிகளால் நிதிநிலை கெடவில்லை என்றன. ‘கெடவில்லை’ என்பதைக் கவனியுங்கள். உயர்ந்தது என்றவையும் நிறைய உண்டு, ஆனால் 90 என்ற எண் அது அல்ல. மேடைகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். இன்னொரு சிக்கல், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நன்றாகச் சம்பாதிக்கிற நிறுவனத்தால்தான் மரம் நடவும் முடியும், சூரியத்தகடு போடவும் முடியும். எது முதலில் வந்தது என்று பிரிப்பது கஷ்டம்.

எனக்கு உருப்படியாகப் படுவது 2016-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. தன் தொழிலுக்கு எது முக்கியமோ அதில் அக்கறை காட்டிய நிறுவனங்களின் பங்குகள் முந்தின. சம்பந்தமில்லாத நற்செயல்களில் பெயர் வாங்கியவை அப்படி முந்தவில்லை. சாயப்பட்டறைக்குத் தண்ணீர், மென்பொருள் நிறுவனத்துக்குக் கணக்கு. சத்யம் ஊரெல்லாம் மரம் நட்டிருந்தாலும் அந்த 5,040 கோடி வந்திருக்காது.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் உத்தரவுப்படி 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு வெளியேற்றினார்கள் என்று அதில் ஓர் அட்டவணை வரும். உங்கள் ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், இதுதான் வீட்டுப்பாடம். ஆளுக்கு ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீருக்கான செலவு லாப நட்டக் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்றே எழுதிக் கொண்டுவாருங்கள்.