கொஞ்சம் கூடுதல் எடைக்கு ஊசி தேவையா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு பெண்மணி, உயரம் 160 சென்டிமீட்டர், எடை 67 கிலோ. எடையை 1.6-ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடி 1.6-ஆல் வகுத்தால் 26.2. இதுதான் அவருடைய பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் குறியீடு. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அவர் நடந்து போனால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மலேசியாவில் நாம் பின்பற்றும் அளவுகோலில் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 27.5-ஐ எட்டினால் உடற்பருமன். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, உலக அளவுகோலான 25-ஐ எல்லையாக வைத்தே, நாட்டில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினருக்குக் கூடுதல் எடையோ உடற்பருமனோ இருப்பதாகச் சொல்கிறது. அதாவது, அந்தப் பெண்மணிக்குத் துணை நிறையவே உண்டு.

அவருடைய கேள்வி இதுதான்: "என் நாத்தனார் ஊசி போட்டுப் பத்துக் கிலோ இறங்கிட்டாங்க. நானும் போடலாமா?"

முதலில் எந்த ஊசி என்று பார்ப்போம். செமாகுளுடைட் என்ற மருந்து ஓசெம்பிக் என்ற பெயரில் நீரிழிவுக்கும், வெகோவி என்ற பெயரில் எடைக்கும் வருகிறது. டிர்செபடைட் என்பது மௌஞ்சாரோ. இரண்டுமே வாரம் ஒருமுறை. சக்செண்டா என்ற பெயரில் வரும் லிராகுளுடைட்டைத் தினமும் போட வேண்டும். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலவே இவை செயல்படுகின்றன. இயற்கையான அந்த ஹார்மோன் இரண்டு நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். செமாகுளுடைட் பாதியாகக் குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதனால் வயிறு மெதுவாகக் காலியாகிறது, மூளைக்குப் 'போதும்' என்ற செய்தி முன்கூட்டியே போகிறது. நாள் முழுவதும் சாப்பாட்டு நினைப்பாகவே இருப்பவர்களுக்கு அந்த நினைப்பு அடங்கிப் போவது உண்மை.

பலன் இருக்கிறதா என்றால், நன்றாகவே இருக்கிறது. 2021இல் வெளியான ஸ்டெப் 1 என்ற பெரிய ஆய்வில், செமாகுளுடைட் போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை இழந்தார்கள்; வெற்று ஊசி போட்டவர்கள் 2.4 விழுக்காடு. டிர்செபடைட்டின் உச்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 21 விழுக்காடு. இந்த எண்களைத்தான் விளம்பரங்கள் தூக்கிக் காட்டுகின்றன. அந்த ஆய்வுகளுக்குள் யாரைச் சேர்த்தார்கள் என்பதை அவை சொல்வதில்லை. பிஎம்ஐ 30-க்கு மேல் இருக்க வேண்டும்; அல்லது 27-க்கு மேல் இருந்து, கூடவே ரத்தக் கொதிப்பு, கொழுப்புக் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற ஒன்றாவது இருக்க வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் அதே எல்லைதான். நம் பெண்மணியின் 26.2 அதற்கு வெளியே நிற்கிறது. அவரைப் போன்றவர்களுக்கு இந்த மருந்து என்ன நன்மை தரும், பத்தாண்டில் என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வுகளில் யாரும் அளந்து பார்க்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இந்திய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறதே, வெள்ளைக்காரர்களுக்கு வைத்த எல்லை நமக்குப் பொருந்துமா? மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பே தெற்காசியர்களுக்கு பிஎம்ஐ எல்லையை 2.5 குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. வாதம் சரி. ஆனால் அது நமக்கு நோய் சீக்கிரம் வரும் என்பதைத்தான் சொல்கிறது. அதற்கு இந்த ஊசிதான் பதில் என்பதைச் சொல்லவில்லை. இந்த இடத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். அவர்களின் சராசரி பிஎம்ஐ 25.8. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும் சொல்லப்பட்ட பிரிவில், மூன்றாண்டில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவே இல்லை! நம் உடல்வாகு கொண்டவர்கள், நம் பெண்மணியின் பிஎம்ஐயை ஒட்டியவர்கள். தராசு அசையாமலே ரத்தம் சீரானது. எடைக் கருவியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே ஊசிக்கு முன் அளக்க வேண்டியது இடுப்பு. அதைச் சரியாக அளப்பவர்கள் குறைவு. காற்சட்டை பெல்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை மேலே தொங்கிக்கொண்டிருக்கும், நாடாவில் வராது. விலாப் பகுதியில் கடைசி எலும்பைத் தொட்டுப் பாருங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவே நாடாவைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் படியுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் என்றால் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ரத்தம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி நம் நாட்டு வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 விழுக்காடு வரை என்றால் முன்நீரிழிவு, 6.3-ஐ எட்டினால் நீரிழிவு. அதோடு ரத்தக் கொதிப்பு, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, கல்லீரல் சோதனை. 40 வயதைத் தாண்டிய பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காடு) குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சந்தாதாரர்களுக்கும் தனித் திட்டம் உண்டு. எடை ஏறியதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள்: தைராய்டு குறைவு, பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள், இன்சுலின், கிளிக்லசைட் என்ற நீரிழிவு மாத்திரை. மருந்தை மாற்றினாலே எடை இறங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதற்கு மேல் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பிஎம்ஐ 27-க்குக் கீழே, இடுப்பு அளவுக்குள், ரத்தம் சுத்தம் என்றால் ஊசி வேண்டாம். கல்யாண ஆல்பத்துக்காக மூன்று மாதம் போடுவது பணத்துக்கும் உடம்புக்கும் கேடு. பிஎம்ஐ 27-ஐத் தாண்டி, முன்நீரிழிவோ ரத்தக் கொதிப்போ மூச்சுத் தடையோ கூட இருந்தால் டாக்டரோடு உட்கார்ந்து பேசத் தகுந்த விஷயம். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்து, பிஎம்ஐ 27-க்கு மேல் இருப்பவர்களுக்கு வாதம் இன்னும் வலுவானது: செமாகுளுடைட்டை வைத்து நடந்து 2023இல் வந்த செலெக்ட் ஆய்வில், நீரிழிவு இல்லாத அத்தகையவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 20 விழுக்காடு குறைந்தன. நடுவில் இருப்பவர்கள், அதாவது பிஎம்ஐ 26-உம் 6.0 எச்பிஏ1சியும் 92 சென்டிமீட்டர் இடுப்புமாக இருப்பவர்கள், ஆறு மாதம் உணவையும் நடையையும் உண்மையாகச் செய்து பார்த்துவிட்டு அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி. நிறுத்தினால் என்ன ஆகும்? ஸ்டெப் 1 ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்கள், ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். மருந்து போனதும் பசி திரும்புகிறது. அதில் மனவுறுதிக் குறைவு எதுவும் இல்லை. ஆக, இதைத் தொடங்குவது என்பது ரத்தக் கொதிப்பு மாத்திரை தொடங்குவது மாதிரி: பல ஆண்டுக்கான ஏற்பாடு. தனியார் கிளினிக்கில் மாதத்துக்குப் பல நூறு ரிங்கிட் ஆகும். அளவு கூடக்கூட விலையும் கூடும். முதல் மாத விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள். உச்ச அளவு என்ன விலை, இரண்டு வருஷத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இழக்கும் எடையில் கொழுப்பு மட்டுமா போகிறது? இல்லை. ஸ்டெப் 1-இல் உடற்கூறு அளக்கப்பட்ட 140 பேரிடம், போன எடையில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு கொழுப்பல்லாத பகுதி. தசையும் அதில் அடக்கம். டிர்செபடைட்டில் இது கால்பங்கு அளவு. 67 கிலோவில் 10 கிலோ போனால், அதில் நான்கு கிலோ வரை இப்படிப் போகலாம். 110 கிலோ ஆளுக்கு அது தாங்கும். ஏற்கெனவே தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும் நம்மவர்களுக்கு, அதுவும் ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கு, அது படி ஏறும்போது தெரியும். ஊசி போடுவதென்றால் வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் புரதம். 67 கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவில் இருக்கும். பசியே இல்லாத நாளில் இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டால் கணக்கு எங்கே போய் நிற்கும், பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும். தைப்பூச விரதம் இருப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தாலும் பருப்பையும் தவுஃபூவையும் விடக் கூடாது, தண்ணீரையும்தான்.

பக்க விளைவுகளில் குமட்டல் முதலிடம்: ஸ்டெப் 1-இல் 44 விழுக்காட்டினருக்கு. பெரும்பாலும் அளவு ஏறும் வாரங்களில் வந்து தணியும். வெகோவியில் 0.25 மில்லிகிராம், பிறகு 0.5, 1, 1.7, கடைசியில் 2.4 என்று நான்கு நான்கு வாரமாக ஏற வேண்டும்; அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் குமட்டலும் வாந்தியும் கடுமையாகலாம். எண்ணெய்ச் சாப்பாடும் வயிறு முட்டச் சாப்பிடுவதும் அந்த வாரங்களில் ஆகாது. வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பைக் கல் வரலாம். மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பாய்ந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் செமாகுளுடைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும்; தொடங்கியதும், ஒவ்வொரு முறை அளவு ஏறியதும், நான்கு வாரத்துக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும். மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பட்டினி கிடந்த பிறகும் வயிற்றில் சாப்பாடு தங்கியிருந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது.

வாங்கும் இடமும் முக்கியம். இது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய மருந்து. பெட்டியில் மால் என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் லேபிளும் இருக்க வேண்டும். போலி ஓசெம்பிக் குறித்து 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனமே எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். அக்கா தங்கை மருந்து நிரப்பிய ஒரே ஊசிப் பேனாவை வைத்துக்கொண்டு ஊசி முனையை மட்டும் மாற்றிப் போடுவதும் நடக்கிறது. முனை மாற்றினாலும் ரத்தம் பேனாவுக்குள் ஏறியிருக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமி அப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகலாம். 'கிளிக்' சத்தத்தை எண்ணி அளவைப் பிரித்துப் போடுவது இன்னொரு விபரீதம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில், குளிர்பெட்டியின் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். மதியம் செந்தூலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் விட்ட பேனாவும் அப்படியே.

ஊசி வேண்டாம் என்று முடிவானவருக்கு இலக்கு சின்னதுதான்: 5 விழுக்காடு, 67 கிலோவில் மூன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். முதலில் குடிப்பதைப் பாருங்கள். மாமாக் கடைத் தே தாரேக்கில் ஒரு மேசைக்கரண்டி இனிப்பு டின் பால் என்றால் சுமார் 20 கிராம். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. கிளாசுக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால் அறுபது கிராமுக்கு மேல் சர்க்கரையைக் குடிக்கிறோம். அதைப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்காக மாற்றுவது ஒன்றே பலருக்கு முதல் கிலோவை இறக்கிவிடும். இரவு ரொட்டி சானாயை விட்டுவிட்டு, வாரம் 150 நிமிடம் வியர்க்க நடங்கள். தித்திவங்சா ஏரிக்கரையோ உங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டோ போதும். மூன்று மாதம் கழித்து இடுப்பை அதே இடத்தில் அளந்து, எச்பிஏ1சியை மறுபடி எடுத்து, இரண்டு தாளையும் சேர்த்து டாக்டரிடம் கொண்டு போங்கள்.

வணக்கம்.