களவுப் படம் பார்ப்பதைப் பிள்ளைகள் ஏன் தவறாக நினைப்பதில்லை? – தலவாக்கலை மாணவிக்கு ஒரு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயமில்லை அது. தலவாக்கலையிலிருந்து, உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கும் ஒரு மகள் எழுதியிருக்கிறார்: "சேர், டெலிகிராமில் புதுப்படம் இறக்கிப் பார்ப்பது தவறா என்று என் செயற்றிட்டத்துக்காக வகுப்பில் எல்லாரிடமும் கேட்டேன். ஒருவர்கூடத் தவறு என்று சொல்லவில்லை. எல்லாருமே நல்ல பிள்ளைகள். பிறகு ஏன் இப்படி நினைக்கிறார்கள்? நான் என்ன எழுதுவது?"

மகள், "எல்லாருமே நல்ல பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் செயற்றிட்டமே அதற்குள்தான் இருக்கிறது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் திருவிழா முடிந்தால் டவுனிலிருந்து வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு வரும். வீட்டுக்கு இவ்வளவு என்று சல்லி சேர்ப்பார்கள். லயத்து வாசலில் சாக்கு விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். கசெட்டில் கோடு கோடாக ஓடும், பாட்டு வரும்போது சத்தம் இழுக்கும். கொப்பியிலிருந்து எடுத்த கொப்பி அது. அதை எடுக்க யார் அனுமதி கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டில் சீடி வந்தது, கொமியுனிகேஷன் கடையில் பென்ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள், இப்போது டெலிகிராம். நம்முடைய வீடுகளில் பலர் ஒரிஜினல் என்ற ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் வீட்டில் பார்க்காத வழக்கத்தை எங்கிருந்து கற்றுக்கொள்வார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. 2020இல் பாடசாலைகளை மூடியபோதுதான் நிறையத் தோட்ட வீடுகளுக்கு நல்ல போன் வந்து சேர்ந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறியதை நாடே பார்த்தது. அப்போது குறூப் போட்டோம். ஆசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பு, கடந்தகால வினாத்தாள், யாரோ ஸ்கேன் பண்ணிப் போட்ட டியூஷன் டியூட் (குறிப்புத்தாள்), எல்லாம் அங்கே வந்தன. டேட்டா இருந்தவன் இறக்கினான், இல்லாதவனுக்குக் கொடுத்தான். அப்படிக் கொடுத்தவனை நாங்களே பாராட்டினோம். அதே குறூப்பில், அதே கையால், அடுத்த வெள்ளிக்கிழமை படமும் வந்தது. ஒருவன் இரவு டேட்டாவில் இறக்கி வைப்பான், காலையில் பஸ் டவுனுக்குப் போய்ச் சேருவதற்குள் பத்துப் போனுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளையிடம் போய் "நீ களவெடுக்கிறாய்" என்றால் அவனுக்கு விளங்காது. தான் கூட்டாளிகளுக்கு உதவி செய்வதாகத்தான் அவன் நினைக்கிறான்.

1957இல் சைக்ஸ், மாட்சா என்று இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் இளம் வயதினரின் தவறுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தவறு செய்பவர்களில் பலருக்கு நல்லது கெட்டது தெரியும், ஆனால் மனதைச் சமாதானப்படுத்தச் சில நியாயங்களைக் கையில் வைத்திருப்பார்கள் என்றார்கள். உங்கள் வகுப்பில் கேட்ட பதில்களை அதோடு வைத்துப் பாருங்கள். "யாருக்கும் நட்டமில்லை", "நடிகருக்குக் கோடி கோடியாக வருகிறது", "கூட்டாளி கேட்டான், கொடுத்தேன்". படம் இறக்குவதைப் பற்றி அவர்கள் எழுதவில்லை, அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது? ஆனாலும் பொருந்துகிறது.

காசுப் பிரச்சினையைப் பொய்ச் சாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த ஒரு அம்மாவின் அடிப்படைச் சம்பளம் 2021இல்தான் 900 ரூபா ஆனது, அதோடு 100 ரூபா கொடுப்பனவு. 2024இல் 1,350. அந்தச் சம்பளத்தில் அரிசி, மா, பஸ் காசு, டியூஷன் எல்லாம் போக, மாதாமாதம் படம் பார்க்கக் கட்டணம் கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கட்டலாம் என்றாலும் வீட்டில் கார்ட் இல்லை. நெட்பிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது 2016இல், நம் பிள்ளைகளில் பலருக்கு அது இன்றைக்கும் பெயர் மட்டும்தான். இதைக் கட்டுரையில் தைரியமாக எழுதுங்கள்.

சரி, அப்படியானால் தவறே இல்லையா? தவறுதான். எனக்கு அது உறைத்த இடத்தைச் சொல்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவன் தன் தோட்டத்துக் காமன் கூத்தைப் படம் பிடித்தான். கம்பம் ஊன்றியதிலிருந்து கடைசி நாள் வரை, மூலையில் கண்ணாடி வெடித்த போன் ஒன்றில். தப்பு மேளச் சத்தமும் பாட்டும் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்க இரவிரவாக இருந்து வெட்டி ஒட்டினான். முடிவில் ரதியாக, மன்மதனாக ஆடியவர்கள், தப்பு அடித்த தாத்தா என்று எல்லாருடைய பெயரையும் போட்டிருந்தான். இணையத்தில் வேறொரு பக்கம் அதை அப்படியே எடுத்து, பெயர்கள் வந்த பகுதியை வெட்டிவிட்டு, தங்கள் லோகோவை ஒட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். அவன் இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. வந்த பிறகு என்னிடம் சொன்னது, "சேர், தாத்தா பேரயாவது விட்டிருக்கலாம்." வகுப்பே கொதித்தது. காலையில் பஸ்ஸில் படம் மாற்றிக்கொள்ளும் அதே பிள்ளைகள்தான். படம் பிடித்தவன் பக்கத்து மேசையில் இருந்தான், அதனால் வலி தெரிந்தது. சென்னையில் ஒலி சேர்க்கிறவரும் லைட் தூக்குகிறவரும் நம் கண்ணில் படுவதில்லை.

சட்டத்தையும் ஒரு பந்தியில் எழுதுங்கள், போதும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழைய படங்கள் பலவற்றைத் தயாரிப்பு நிறுவனங்களே யூடியூப்பில் இலவசமாகப் போட்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: படம் பார்க்க ஏபிகே என்ற ஆப் கோப்பு ஒன்றை இறக்கச் சொல்லி, அது எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்கவே வேண்டாம். அம்மாவின் வங்கி மெசேஜும் அதே போனுக்குத்தான் வருகிறது.

இப்போது உங்கள் வினாக்கொத்து. "தவறா" என்று நேராகக் கேட்டால் எல்லாரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள். "களவு" என்ற சொல்லையும் போடாதீர்கள், அந்தச் சொல்லே பதிலைத் தீர்மானித்துவிடும். பார்ப்பது, கூட்டாளிக்குக் கொடுப்பது, காசுக்கு விற்பது, மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வராது என்று நினைக்கிறேன். பிறகு, உங்கள் வகுப்பில் ஒருவர் எடுத்த குறும்படத்தை இன்னொருவர் கேட்காமல் போட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. பெயர் எழுதச் சொல்ல வேண்டாம், கையெழுத்துத் தெரியாதபடி கோடு போடும் பதில்களாக வையுங்கள். அச்சடிக்க முன்னர் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.