ஆனை கொடுப்பவர்களுக்கு அங்குசம் பற்றி

மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, காலையில் இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைத்ததோடு கிளம்பிவிடாமல் இன்னும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து வந்திருக்கும் அம்மையார் அவர்களே, தலைமுறை தலைமுறையாக பம்ப் செய்து நாட்டுக்கே தண்ணீர் இறைத்துக் கொடுத்த கோவைத் தொழிலதிபர்களே, ஆப்பிரிக்காவில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவதற்கு நிதி திரட்டித் தரும் சேவைச் சங்கங்களின் பொறுப்பாளர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலோரம் நிற்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும். அழைப்பிதழில் பதினொரு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தந்திருக்கும் நேரமோ அரை மணி.

தலைப்பு பெரிய தலைப்பு: “ஏழை நாடுகளில் எல்லோருக்குமான, நீடித்து நிற்கும் வளர்ச்சிக்கு முதலீடு.” இதைத் தண்ணீர், விதை, கடன் என்று மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தண்ணீரில் தொடங்குகிறேன். நாடு, மலாவி.

மலாவி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் கடற்கரையே இல்லாத நாடு. 1964இல் விடுதலை பெற்றது. 2018 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒன்றே முக்கால் கோடி, அதில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் கிராமத்தில். உலக வங்கியின் பட்டியலில் இன்றும் குறைந்த வருமான நாடு. 2022இல் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நீடித்த காலராவில் அங்கே 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நாட்டின் வரலாற்றில் அதைவிட மோசமான காலரா வந்ததில்லை. நல்ல தண்ணீருக்கு அங்கே என்ன விலை என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கிராமத்தில் குடிதண்ணீர் என்றால் பெரும்பாலும் போரும் அடிபம்பும்தான். 250 பேருக்கு ஒரு பம்ப், 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள அரசு அளவு. ஒரு போர் போட்டு பம்ப் இறக்க இடத்துக்குத் தக்க ஐயாயிரம் டாலரிலிருந்து பதினைந்தாயிரம் டாலர் வரை ஆகும். பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடைதான். போட்டாகிவிட்டது, ரிப்பன் வெட்டியாகிவிட்டது, பலகையில் கொடுத்தவர் பெயரும் எழுதியாகிவிட்டது. அப்புறம்?

சஹாராவுக்குத் தெற்கே இருபது நாடுகளின் கணக்கைச் சேர்த்து 2009இல் ஊரகக் குடிநீர் வல்லுநர்கள் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். அடிபம்புகளில் நூற்றுக்கு 36 ஓடவில்லை. மூன்றில் ஒன்றுக்கும் மேல். நம் பெரியவர்கள் கேட்பார்களே, “ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குப் பிணங்கலாமா?” என்று, அதுதான் நடந்திருக்கிறது. பத்தாயிரம் டாலர் போரைக் கொடுத்தவர்கள், பத்து டாலர்கூடப் பெறாத ஒரு ரப்பர் வளையத்துக்கு ஏற்பாடு செய்யவில்லை.

வளையத்துக்குப் போகுமுன் ஒரு ராட்டினக் கதை. சிரிப்பு வரும், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஒருவருக்கு ஒரு யோசனை. பிள்ளைகள் சுற்றி விளையாடும் ராட்டினத்தை பம்போடு இணைத்துவிட்டால், அவர்கள் விளையாட விளையாடத் தண்ணீர் மேலே ஏறும். மேல்நிலைத் தொட்டியின் நாலு பக்கமும் விளம்பரப் பலகை வைத்தால் அந்த வாடகையில் பராமரிப்புச் செலவும் தீரும். பெயர் பிளேபம்ப். கேட்டதும் மனம் குளிர்கிறதல்லவா? உலக வங்கிக்கும் குளிர்ந்தது. 2000இல் பரிசு கொடுத்தது. 2006இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி, அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் தரும் என்று அறிவித்தார். 2010க்குள் 4,000 ராட்டினம், 1 கோடிப் பேருக்குத் தண்ணீர். மேடை, கைதட்டல், புகைப்படம். இன்று நம் மேடையில் நடப்பது மாதிரிதான் (தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது).

இப்போது கணக்குப் போடுவோம். மாணவர்கள் மனக்கணக்காகவே போடலாம். 1 கோடிப் பேருக்கு 4,000 பம்ப் என்றால் ஒன்றுக்கு 2,500 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு வெறும் 15 லிட்டர் என்று வையுங்கள். 37,500 லிட்டர் வேண்டும். ராட்டினம் நல்ல வேகத்தில் சுற்றினால் மணிக்கு 1,400 லிட்டர் வரும். வகுத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 27 மணி நேரம் விளையாட வேண்டும்! பள்ளிக்கூடம் கிடையாது, சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது, அதற்கு மேலும் மூன்று மணி நேரம் கடன் வாங்கி விளையாட வேண்டும். 2009இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை இந்தக் கணக்கை அச்சில் போட்ட பிறகுதான் பலருக்கு உறைத்தது.

களத்தில் என்ன நடந்தது? முதல் வாரம் பிள்ளைகள் குதூகலமாகச் சுற்றினார்கள். பிறகு அலுத்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் அடுப்பு எரியாதே. குடத்தோடு வந்த பெண்கள் இடுப்பு உயரம்கூட இல்லாத ராட்டினத்தைக் குனிந்து தள்ளினார்கள். கர்ப்பிணியும் தள்ளினாள், பாட்டியும் தள்ளினாள். அடிபம்பு என்றால் நின்ற இடத்தில் நின்று கையை அசைத்தால் போதும். இது வட்டம் போட்டு நடக்க வைத்தது. குக்கிராமத்தில் தொட்டியில் விளம்பரம் போட எந்த சோப்புக் கம்பெனி வரும்? பலகைகள் வெறுமையாக நின்றன, பராமரிப்புப் பணமும் வரவில்லை. பழுதானால் ஊர் மெக்கானிக் கை வைக்க முடியாத இயந்திரம். நகரத்திலிருந்து ஆள் வர மாதக்கணக்கானது. விலையோ 14,000 டாலர், சாதாரண அடிபம்பைப் போல நாலு மடங்கு. இதில் கொடுமை எதுவென்றால், மலாவியிலும் மொசாம்பிக்கிலும் சில ஊர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றி எறிந்துவிட்டு அதே போரில் ராட்டினத்தை மாட்டினார்கள். 2010இல் பணம் கொடுத்த அறக்கட்டளையே இது சரிவரவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். நம் ஊரில் ஒப்புக்கொள்வதற்கு பதில் இரண்டாம் கட்டம் அறிவிப்பார்கள். அம்மையார் சிரிக்கிறார், துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, கழற்றி எறியப்பட்ட அந்த அடிபம்பு எப்படிப்பட்டது? பெயர் அஃப்ரிடெவ். 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் சோதித்து உருவாக்கியது. காப்புரிமை கிடையாது, வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்யலாம். இதற்கு முன்பே, எழுபதுகளில், நம் இந்தியா மார்க் 2 அடிபம்பு வந்துவிட்டது. அதன் முன்மாதிரிகளை ஆழத் தண்ணீரில் போட்டுச் சோதித்தது இந்தக் கோவை வட்டாரத்தில்தான். உகாண்டாவில் இன்று யூ2, யூ3 என்று ஓடுபவை மார்க் 2, மார்க் 3இன் பிள்ளைகள். ஆகவே தொழிலதிபர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தவறில்லை.

ஆனால் ஒரு வேண்டுகோள். மலாவியில் எங்கும் இருப்பது அஃப்ரிடெவ். கடையில் கிடைப்பது அதன் உதிரிபாகம், மெக்கானிக்குப் பழக்கம் அதன் ஸ்பானர். அங்கே போய் உங்கள் கம்பெனியின் புது மாடலை அன்பளிப்பாக இறக்காதீர்கள். முதல் பழுதோடு அது இரும்புச் சாமான்தான்.

அஃப்ரிடெவ் பம்புக்குள் இருப்பதைச் சொல்கிறேன். 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய் கீழே இறங்குகிறது, அதன் அடியில் 50 மில்லிமீட்டர் சிலிண்டர். ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளத்தில் ராடுகள் (கம்பிகள்), ஒன்றின் கொக்கி அடுத்ததன் கண்ணில் மாட்டும், மரை கிடையாது. ராடின் நுனியில் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர், அதைச் சுற்றி யூ சீல் என்னும் ரப்பர் வளையம். அடியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு, அதற்கொரு ஓ ரிங் என்னும் ரப்பர் வளையம். வால்வுகளுக்குள் பாபின் என்னும் ரப்பர் மூடி. மேலே கைப்பிடியில் பிளாஸ்டிக் புஷ் பேரிங். தேய்வதெல்லாம் இவ்வளவுதான். 45 மீட்டர் ஆழம் வரை தாங்கும்.

இந்த யூ சீல் படும் பாட்டைப் பாருங்கள். 250 பேர், ஆளுக்கு 20 லிட்டர், நாளைக்கு 5,000 லிட்டர். கைப்பிடியை நிமிடத்துக்கு 40 தடவை அடித்தால் சுமார் 15 லிட்டர் வரும். ஒரு நாளைக்கு 13,000 அடி; வருடத்துக்கு ஏறக்குறைய 48 லட்சம் அடி. ஒவ்வோர் அடிக்கும் வளையம் 225 மில்லிமீட்டர் மேலேறி அதே அளவு இறங்குகிறது. கூட்டினால் வருடத்துக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் சிலிண்டர் சுவரில் உரசுகிறது, கோவைக்கும் சென்னைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பும் தூரம். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை மாற்று என்கிறது கையேடு.

மாற்றுவது கஷ்டமா? ஒரே ஸ்பானர் போதும். மூடியைத் திற, கைப்பிடியின் இரண்டு பின்களையும் தளர்த்திக் கைப்பிடியை எடு, ராடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொக்கி கழற்று. ராடு முழுக்க வெளியே வந்த பிறகுதான் கொக்கி கழலும். குழாய்க்குள் இருக்கும்வரை கழலாது. பிளஞ்சர் வந்ததும் பழைய வளையத்தை எடுத்துப் புதியதைப் போடு. ஃபுட் வால்வையும் அதே ராடின் நுனியில் தூண்டில் மாட்டி மேலே இழுத்துவிடலாம். குழாயைத் தொடவே வேண்டாம். பழகிய பெண்கள் நாலு பேர் ஒரு காலை வேளையில் முடித்துவிடுவார்கள். ஒரே எச்சரிக்கை: வளையத்தின் உதடு மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் சரியாக வராது, “போர் வற்றிவிட்டது” என்று ஊரே நம்பிவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தண்ணீர் வரும்வரை அடித்துவிட்டு அரை மணி விட்டுவிடுங்கள். மறுபடி அடிக்கும்போது ஐந்து தடவை அடிப்பதற்குள் தண்ணீர் வர வேண்டும். அதற்கு மேல் போனால் ஃபுட் வால்வோ குழாய் மூட்டோ கசிகிறது. ஒரு நிமிடத்தில் 40 தடவை அடித்து வாளியில் பிடியுங்கள். 10 லிட்டருக்குக் குறைந்தால் சீல் போய்விட்டது, அல்லது போரே சரியில்லை.

போர் சரியில்லாமல் போவது ஏன் என்றும் கேட்க வேண்டும். “தண்ணீர் வராவிட்டால் காசு இல்லை” என்று ஒப்பந்தம் போட்டால், ஒப்பந்தக்காரர் முதல் ஈரம் கண்டதும் நிறுத்திவிடுவார். மழைக்காலத்தில் தோண்டிய போர் அங்கே கோடையான அக்டோபரின் வெயிலில் வாயைப் பிளக்கும். மலாவியின் தெற்கே, ஷையர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் தண்ணீரில் உப்பு. பிஎச் 6.5க்குக் கீழே, அதாவது அமிலத்தன்மையோடு, இருக்கும் தண்ணீரில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இறக்கினால் துருச்சுவை வரும். சோறு கறுக்கும், துணி பழுக்கும், பெண்கள் பழைய ஊற்றுக்கே திரும்பிவிடுவார்கள். நன்கொடையாளர் இரண்டு நாள் மேற்பார்வைக்கு ஒரு நிலநீர் வல்லுநரை அமர்த்துவதற்கும் கணக்குப் பார்க்கிறார். ஆனையைக் கொடுத்துவிட்டு மறுபடி அங்குசத்துக்குப் பிணக்கு.

“எல்லோருக்குமான” என்ற சொல் தலைப்பில் இருக்கிறது. பம்பைச் சுற்றிய சிமென்ட் மேடைக்கு ஏற சாய்தளம், பிடித்து நிற்கக் கைப்பிடிக் கம்பி, குடத்தை இறக்கி வைக்க ஒரு திண்டு: சிமென்ட் போடும் அன்றே செய்தால் செலவு சொற்பம். இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், நேரம் இல்லை.

அப்படியானால் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு? முப்பது வருடமாகச் சொன்ன பதில்: ஊர்க் குழு. பத்துப் பேர் குழு, ஒரு பொருளாளர், மாதச் சந்தா. முதல் ஒன்றிரண்டு வருடம் பம்ப் பழுதாவதில்லை, அதனால் சந்தா நின்றுவிடும். மூன்றாம் வருடம் ராடு அறுந்து விழும்போது கையில் காசு இருக்காது. இருந்தாலும் உதிரிபாகம் மாவட்டத் தலைநகரில். போய்வரும் செலவு பொருளின் விலையைவிட அதிகம். நின்றுபோன பம்பிலிருந்து ராடைக் கழற்றிப் பக்கத்து ஊர் பம்பைச் சரிசெய்வார்கள். அத்தோடு முதல் பம்பின் கதை முடிந்தது. ஏழைகளின் சோம்பேறித்தனம் என்று இதைப் பேசுகிறவர்களை நான் ஒன்று கேட்கிறேன்: உங்கள் தெருக் குழாயை நீங்களா ஸ்பானர் எடுத்துச் சரிசெய்கிறீர்கள்?

வேறு வழி இருக்கிறது. கென்யாவின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தார் அடிபம்பின் கைப்பிடிக்குள் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். அடி நின்றால் செல்போன் வழியே செய்தி போகும், மெக்கானிக் வருவார். பம்ப் நின்று கிடக்கும் காலம் 27 நாளிலிருந்து 3 நாளாகக் குறைந்தது. அதிலிருந்து ஃபண்டிஃபிக்ஸ் என்ற பராமரிப்பு நிறுவனம் வந்தது. உகாண்டாவில் வேவ் என்ற அமைப்பும் இதே போக்கில், பழுதாகும் முன்பே பார்த்துக்கொள்ள ஊர்களோடு ஒப்பந்தம் போடுகிறது. மெக்கானிக்குக் கூலி, பழுது பார்த்ததற்கு இல்லை, பம்ப் ஓடுவதற்கு. பழுதுக்குக் கூலி கொடுத்தால் பழுது பெருகும், இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

பணம் முழுவதையும் ஊரே கட்டிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை வருடச் சந்தாவை ஒரே தடவையாக வாங்கினால் ஒரு பங்கு தேறும். மீதியை மாவட்ட நிர்வாகமும் நன்கொடையாளரும் போட வேண்டும், பத்து வருடத்துக்கு.

சேவைச் சங்கத்தாரிடம் இதைத்தான் கேட்கிறேன், போன மேடையிலும் கேட்டேன், அடுத்த மேடையிலும் கேட்பேன். ஐந்து போர் போட நினைத்திருந்தால் நாலு போடுங்கள். ஐந்தாவதன் பணத்தை அந்த நாட்டு வங்கியில் பராமரிப்பு நிதியாக வையுங்கள். தண்ணீர் வந்த நாட்களைக் கணக்கிட்டு மெக்கானிக் நிறுவனத்துக்கு அதிலிருந்து கொடுங்கள். போர் தோண்டிய பதிவேடு, ஆழம், நீர்மட்டம், இறைப்புச் சோதனை முடிவு, இவற்றின் ஒரு பிரதியை மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணையை விடுவியுங்கள். ஆண்டறிக்கையில் “ஐந்து போர்” என்று போட முடியாதே என்று வருத்தப்படாதீர்கள். ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குப் பிணங்கினால் ஆனையும் நம்மிடம் இல்லை, அவர்களிடமும் இல்லை.

தலைவர் மணியை அடித்துவிட்டார். விதையும் கடனும் அப்படியே நிற்கின்றன. விதை பற்றி ஒரே வாக்கியம்: மலாவியின் மக்காச்சோள உர மானியத்தைப் பேச தனியாக ஒரு கூட்டம் போடுங்கள், வருகிறேன். துணைவேந்தர் அவர்கள் தலையாட்டுகிறார், அதை அழைப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மாணவர்கள் வெளியே போகும்போது வாசல் மேசையைப் பாருங்கள். பிளஞ்சரும் இரண்டு யூ சீலும் வைத்திருக்கிறார்கள், ஒன்று புதியது, ஒன்று தேய்ந்தது. பக்கத்திலேயே பராமரிப்பு நிதி ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம் இருக்கிறது. சங்கத்தார் ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள். வாய்ப்பளித்த குழுவினருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.