மெர்டேக்கா அரங்கத்தில் எந்த ஆண்டைக் காப்பாற்றினோம்?

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களே, வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மெர்டேக்கா அரங்கம், அதாவது சுதந்திர அரங்கம், என்றதும் நாம் எல்லாரும் நாடு விடுதலை பெற்ற 1957 ஆகஸ்ட் 31 காலைக்குப் போய்விடுகிறோம். நானும் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். ஆனால் அங்கேயே நின்றுவிட மாட்டேன். அந்த ஒரு காலைப் பொழுதுக்குப் பிறகு நாற்பது வருடத்து மாலைப் பொழுதுகள் அந்த இடத்துக்கு உண்டு. அந்த மாலைகளில் நம் ஆட்கள் திடலுக்குள்ளும் இருந்தார்கள், படிக்கட்டு இருக்கைகளிலும் இருந்தார்கள்.

1956 பிப்ரவரியில் லண்டன் பேச்சுவார்த்தை முடிந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், பின்னாளில் நம் முதல் பிரதமர், மலாக்காவில் சுதந்திர நாளை அறிவித்தார். கையில் இருந்தது ஒன்றரை ஆண்டு. கோலாலம்பூரில் கூட்டம் கூடப் பாடாங் என்ற பழைய திடல் இருந்தது. 30ஆம் தேதி நள்ளிரவில் ஆங்கிலேயர் கொடி இறங்கியதும் அங்கேதான். ஆனால் மறுநாள் காலை பிறக்கப்போகும் நாட்டுக்குப் புது இடம் வேண்டும் என்று துங்கு நினைத்தார். பெட்டாலிங் குன்றில், கொரோனேஷன் பார்க் என்று அப்போது பெயர் பெற்றிருந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிசூட்டு விழாவின் பெயர் தாங்கிய பூங்காவில் சுதந்திர அரங்கம் எழுந்தது. எனக்கு எப்போது நினைத்தாலும் பிடித்த விஷயம் அது.

வரைந்து கட்டும் பொறுப்பு பொதுப்பணித் துறையில் இருந்த ஸ்டான்லி ஜூக்ஸ் என்பவருக்குப் போனது. அவர் செய்த கெட்டிக்கார வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரங்கத்தை முழுக்க மேலே தூக்கிக் கட்ட நேரமில்லை. ஆகவே குன்றை வெட்டி, கிண்ணம் போலக் குடைந்து, கீழ் வரிசை இருக்கைகளை மண்ணின் சரிவிலேயே உட்காரவைத்தார். வெளியே நின்று பார்த்தால் கட்டடம் பெரிதாகத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் திடல் நம் காலுக்குக் கீழே விரியும். நான்கு மூலைகளிலும் விளக்குக் கோபுரங்கள். உள்ளே கம்பிகளை இழுத்து இறுக்கிக் கட்டிய கான்கிரீட் தூண்கள் அவை. அந்த வகைத் தூண்களில் உலகத்திலேயே உயரமானவை என்று அன்றைக்குப் பேசப்பட்டன. நம் ஊரில் நம் கண் முன்னால், மிகக் குறைந்த காலத்தில் எழுந்தவை. ஆகஸ்ட் 30ஆம் தேதி, அதாவது தேவைப்பட்ட நாளுக்கு முதல் நாள், அரங்கம் திறக்கப்பட்டது.

மறுநாள் காலை மழை. நிகழ்ச்சி தள்ளிப்போனது. சுமார் 20,000 பேர் காத்திருந்தார்கள். பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியாக வந்த குளோஸ்டர் கோமகன் ஆவணத்தை ஒப்படைத்தார், துங்கு பிரகடனத்தை வாசித்தார், ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கினார். கூட்டம் ஏழு முறையும் திருப்பிச் சொன்னது. இந்தக் காட்சி பாடப்புத்தகத்தில் இருக்கிறது, காசில் இருக்கிறது, ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் வருகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1963 செப்டம்பரில் மலேசியா உருவான பிரகடனமும் அதே அரங்கத்தில்தான் வாசிக்கப்பட்டது. அதற்குமேல் இதைப்பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பந்துக்கு வருவோம்.

சுதந்திரம் கிடைத்த அதே 1957இல் மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் பிறந்தது. ஆசிய நாடுகளைக் கூப்பிட்டு ஆண்டுதோறும் நடத்திய காற்பந்துப் போட்டி. முதல் ஆண்டு கிண்ணத்தை ஹாங்காங் கொண்டுபோனது. அடுத்த இரண்டு ஆண்டும் மலாயா. 1960இல் தென் கொரியாவுடன் பகிர்ந்துகொண்டோம். இன்றைக்குத் தென் கொரியாவோடு கிண்ணத்தைப் பகிர்வது என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அன்று அது நடந்தது, விளக்கு வெளிச்சத்தில், நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில். இந்தியாவும் வரும். 1959இலும் 1964இலும் இரண்டாம் இடம் வரை வந்தது. இந்தியா ஆடும் நாளில் யாருக்குக் கை தட்டுவது என்று நம் வீடுகளில் விவாதம் நடந்திருக்கிறது. தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். அந்த விவாதமே நாம் இந்த நாட்டுக்காரர்களாக மாறிய கதையின் ஒரு பகுதி என்று நான் நினைக்கிறேன். சட்டப்படிக் குடியுரிமை தாளில் வந்தது. மனத்தில் அது வந்த இடங்களில் ஒன்று அந்தப் படிக்கட்டு.

செந்தூல் ரயில்வே பட்டறையிலிருந்து, இந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து, புடு பக்கத்திலிருந்து, சாயங்காலம் ஆனால் நம்மவர்கள் கிளம்பிவிடுவார்கள். வசதியிருந்தவர் கூரைக்குக் கீழே உட்கார்ந்தார். மற்றவர்கள் வெயிலோ மழையோ திறந்த படிக்கட்டில். அங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் ஒரே கோலுக்குத் துள்ளினார்கள். 1969 இனக் கலவரத்துக்கு முன்பும் துள்ளினார்கள், பின்பும் துள்ளினார்கள். அதற்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

திடலுக்குள் யார் இருந்தார்கள்? தற்காப்பில் எம். சந்திரன். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர், தேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நம் அணியில் இருந்தவர். கோல் வாசலில் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள். "ஸ்பைடர்மேன்" என்று மூன்று இனத்தாரும் அவரை அழைத்தார்கள். 1988இல் சாலை விபத்தில் அவரை இழந்தோம். இன்னும் அவர் பெயரைச் சொன்னால் குரல் மாறும் பெரியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். முன்னால் மொக்தார் டஹாரி, பின்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். 1978இல் இங்கிலாந்து 'பி' அணி வந்தது. மொக்தார் பந்தைத் தள்ளிக்கொண்டே போய் எதிராளிகளை ஒவ்வொருவராகத் தாண்டி அடித்த கோலைப் பார்த்தவர்கள் வேறு எதையும் கோல் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆட்டம் 1-1 சமநிலை.

1980 ஏப்ரலைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், எதிரே தென் கொரியா. ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் 2-1 என்று வென்றோம். தகுதி பெற்றோம். ஆனால் சோவியத் யூனியனின் ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. ஆகவே அந்த வீரர்களின் உச்சம் மெர்டேக்கா அரங்கத்தோடு முடிந்தது. அவர்கள் வென்றதற்கு நினைவுச்சின்னம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தத் திடல்தான், அந்தப் படிக்கட்டுகள்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

பந்து மட்டும் இல்லை. 1965 தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் நம் எம். ஜெகதேசனும் எம். ராஜமணியும் ஓடியதும் அங்கேதான். 1975 மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம் அங்கே நடந்தது. இந்தியா 2-1 என்று பாகிஸ்தானை வென்றது. அரையிறுதியில் இந்தியாவைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்றது ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான நம் அணி. அதே ஆண்டு ஜூலையில் முகமது அலி வந்து ஜோ பக்னரோடு பதினைந்து சுற்று மோதினார். 1996இல் மைக்கேல் ஜாக்சன். சரி, இந்தப் பட்டியல் போதும்.

கூட்டம் பெருகப் பெருக அரங்கமும் வளர்ந்தது. 1970களில் படிக்கட்டுகளைக் கூட்டினார்கள், 80களில் மேலே ஓர் அடுக்கு கட்டினார்கள். 20,000 பேருக்குக் கட்டிய இடம் சுமார் 45,000 பேரைத் தாங்கியது. அழகாக இருந்ததா என்றால் இல்லை. ஜூக்ஸ் வரைந்த மெல்லிய வளைவுகள் புதுக் கான்கிரீட்டுக்குப் பின்னால் மறைந்துபோயின. ஆனால் அந்தக் கான்கிரீட்டைக் கட்ட வைத்தது மக்களின் ஆசை. அது வெறும் ஒட்டுவேலை என்று தள்ளிவிட என்னால் முடியாது.

அப்புறம் இறக்கம். 1994இல் ஷா ஆலாம் அரங்கம் திறந்தது, சிலாங்கூர் ஆட்டங்கள் அங்கே போயின. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக புக்கிட் ஜாலில் அரங்கம் வந்தது, தேசிய அணியும் போனது. இதற்கு நடுவில், மெர்டேக்கா அரங்கம் இருந்த நிலத்தைத் தனியார் மேம்பாட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். நகரின் நடுவில், குன்றின் மேல், அத்தனை பெரிய நிலம். கட்டடத்தை இடித்துவிட்டு அலுவலகமும் கடைத்தொகுதியும் கட்டுவது என்பது அன்றைய யோசனை. 1997இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்து அந்த யோசனை நின்றது. ரிங்கிட் விழுந்ததால் அரங்கம் பிழைத்தது. பிறகு அது பெர்மோடாலான் நேஷனல் என்ற அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2003இல் தேசியப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

சுதந்திரப் பொன்விழாவை ஒட்டிச் சீரமைப்பு தொடங்கியது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ, நம் பினாங்குக்காரர், அந்த வேலையை வழிநடத்தினார். இங்கேதான் எனக்கு முக்கியமான விஷயம் வருகிறது. பொதுவாக அரங்கத்தைப் புதுப்பிப்பது என்றால் கூட்டுவார்கள். இருக்கையைக் கூட்டுவார்கள், கூரையைக் கூட்டுவார்கள், பெரிய திரை மாட்டுவார்கள். இங்கே கழித்தார்கள். பின்னால் கட்டிய மேல் அடுக்குகளை இடித்து எடுத்தார்கள். 45,000 மறுபடியும் 20,000 ஆனது. ஜூக்ஸின் கட்டடம் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது, உயர் சிறப்பு விருது, அதற்குக் கிடைத்தது. தகுதியான விருது. பெயர்ந்துபோகவிருந்த ஒரு கட்டடத்தை அதன் பிறந்த உருவத்தில் நிறுத்துவது சாதாரண காரியம் அல்ல. அந்தக் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பழைய கட்டடத்தைச் சீர்செய்கிறவர்கள் எந்த ஆண்டுக்குத் திரும்புவது என்று முடிவெடுத்தாக வேண்டும். இவர்கள் 1957ஐத் தேர்ந்தெடுத்தார்கள். நாடு பிறந்த ஆண்டு, வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். அதே நேரம், அந்தத் தேர்வில் 1980 மாலையில் மக்கள் நெருக்கியடித்து நின்ற படிக்கட்டுகள் போய்விட்டன. ஆறுமுகத்தைப் பார்க்க நம் அப்பாக்கள் ஏறி நின்ற இடம் போய்விட்டது. கட்டடம் 1957ஐச் சொல்கிறது. அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டை இனி வேறு யாராவது சொல்ல வேண்டும். அது நம் வேலை.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். மெர்டேக்காவின் கூட்டத்தை இழுத்துக்கொண்ட ஷா ஆலாம் அரங்கம் நமக்குக் கண்ணெதிரே இருக்கும் பாடம். அது திறந்தபோது 80,000 பேர் கொள்ளும் என்றார்கள். பாதுகாப்பு இல்லை என்று 2020இல் மூடினார்கள், 2024இல் இடிக்கத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டுதான். எது நிற்கும், எது போகும் என்பது கான்கிரீட்டின் வயதை மட்டும் பொறுத்தது அல்ல. யார் பேசினார்கள், யார் பேசாமல் இருந்தார்கள் என்பதையும் பொறுத்தது.

இன்றைக்கு அரங்கத்தின் பக்கத்தில் மெர்டேக்கா 118 நிற்கிறது. 678.9 மீட்டர், உலகில் இரண்டாவது உயரமான கட்டடம். துங்கு கையை உயர்த்திய தோரணையை வைத்து அதன் உருவத்தை வரைந்ததாகச் சொல்கிறார்கள். அதன் நிழல் விழும் தூரத்தில் அரங்கம் இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் மெர்டேக்கா நிலையத்தில் இறங்கினால் நடந்து போய்விடலாம். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே பந்து உருண்டது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. சுதந்திரம் வாசித்த இடம் என்று தெரிகிறது, அதோடு நின்றுவிடுகிறது.

நான் மூன்று காரியங்கள் கேட்கிறேன். வீட்டில் பழைய புகைப்படம், நுழைவுச்சீட்டு, போட்டி நிரல் எது இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். படத்தின் பின்னால் யார், எந்த ஆண்டு என்று இன்றைக்கே எழுதுங்கள், தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே. இரண்டாவது, தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனது. 1924இலிருந்து அது அச்சிட்ட விளையாட்டுப் பக்கங்களில் இந்த வரலாறு தமிழில் கிடக்கிறது. ஆங்கிலப் பத்திரிகையில் வராத பெயர்கள் அதில் இருக்கும். தோட்டத்து அணியிலிருந்து மாநில அணிக்கு வந்தவன் பெயரை அங்கேதான் தேட வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் யாராவது அதை எடுத்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். நூலகத்தில் உட்காரத் தயாராக இருப்பவர்களுக்குத் துணை வர நான் தயார்.

மூன்றாவது, திடல். காப்பாற்றிய அரங்கத்தில் பிள்ளைகள் விளையாட வேண்டும். தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையே காற்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. ஆண்டுக்கு ஒரு நாள், இறுதியாட்டத்தை மட்டுமாவது மெர்டேக்கா அரங்கத்தில் நடத்த அனுமதி கேட்கலாம். எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்தே கேட்கலாம், மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப்பள்ளி என்று. அதற்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரி என்று தோன்றினால் கையெழுத்துப் போடுங்கள். திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள்.

இனி நான் உட்காருகிறேன். 1980 ஏப்ரலில் அந்த அரங்கத்துக்குள் இருந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஒலிவாங்கியை முதலில் அவர்களிடம் கொடுப்போம்.