மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏரிக்கு ஒரு தூண்டில் பயணம்: எதை முதலில் திட்டமிட வேண்டும்?

[காட்சி: கொடைக்கானல் ஏரியின் வான்வழிப் படம். ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலை.]

வணக்கம். மதுரையிலிருந்து மலையேறி, கொடைக்கானல் ஏரிக்கரையில் இரண்டு நாட்கள் தங்கி, தூண்டில் போட்டு வர நினைக்கும் குடும்பங்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் இந்த விளக்கத்தைத் தயாரித்திருக்கிறோம். இத்தகைய பயணத்தைத் திட்டமிடும்போது பெரும்பாலோர் முதலில் தூண்டில் கம்பும் ரீலும் வாங்குகிறார்கள். பிறகு அறை பிடிக்கிறார்கள். அந்த நீரில் மீன் பிடிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதைக் கரையில் போய் நின்ற பிறகே விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அனுமதி முதலில் வர வேண்டும், அடுத்துப் பருவம், அதற்கடுத்து மீனின் குணம். கருவிகளை வாங்குவது கடைசி வேலை.

மதுரை வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதியதன்று. மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா, கச்சா என்னும் மீன்பிடிக் கருவிகளும் வலையுமாக நூற்றுக்கணக்கானோர் விடியும் முன்பே கரையில் வந்து கூடினாலும், ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் விடப்பட்ட கண்மாயென்றால், அதிலுள்ள மீன் ஏலம் எடுத்தவருக்கே உரியது. அவரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் வழக்கில்தான் போய் முடியும். ஒவ்வொரு நீர்நிலைக்கும் உரியவர் ஒருவர் உண்டு என்ற இந்த எண்ணத்தோடுதான் கொடைக்கானல் ஏரியையும் அணுக வேண்டும்.

[காட்சி: ஏரியின் பழைய வரைபடம். மெல்ல இன்றைய தோற்றம்.]

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை கலெக்டராகப் பணியாற்றிய சர் வியர் ஹென்றி லெவிஞ், 1863ஆம் ஆண்டில் இங்கிருந்த சதுப்பு நிலத்தின் ஓடைகளை மறித்துக் கரை எழுப்பி இந்த ஏரியை உருவாக்கினார். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கொடைக்கானலும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஏறக்குறைய 24 ஹெக்டேர், அதாவது 60 ஏக்கர் பரப்புள்ள ஏரி, நட்சத்திர வடிவில் பல கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. இந்த வடிவம் தூண்டில்காரருக்குப் பெரிய வசதி. படகுகள் ஓடும் அகன்ற நடுப்பகுதியை விட்டு விலகி, கைகளின் ஒடுங்கிய முனைகளுக்குச் சென்றால் நீர் ஆழம் குறைந்தும், ஓரளவு அமைதியாகவும், கரையோரச் செடிகளோடும் இருக்கும்; கெண்டை இரை தேடி வருவது அத்தகைய இடங்களுக்குத்தான். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைப்பாதையில் நாம் பார்க்கும் வெள்ளி அருவியாக விழுகிறது. ஆகவே ஏரியில் வீசும் தூண்டில் நரம்புத் துண்டும் பிளாஸ்டிக் உறையும் ஏரியோடு நின்றுவிடுவதில்லை.

ஏரியைப் பராமரிப்பது கொடைக்கானல் நகராட்சி. மீன்பிடிப்பு தொடர்பான அனுமதிக்கு மீன்வளத்துறையை அணுக வேண்டும். விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், நண்பர் சென்ற ஆண்டு சொன்னதை நம்பிப் புறப்படாமல், அறை முன்பதிவு செய்வதற்கு முன்பே இரண்டு அலுவலகங்களிலும் விசாரிப்பது நல்லது. "மீன் பிடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. கரையின் எந்தப் பகுதியில் அமரலாம், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, ஒருவர் எத்தனை தூண்டில் வைக்கலாம், பிடித்த மீனை எடுத்துச் செல்லலாமா அல்லது நீரிலேயே விட்டுவிட வேண்டுமா, தூர் வாரும் பணியோ களை அகற்றும் பணியோ அந்த வாரத்தில் நடக்கிறதா என்பவற்றையெல்லாம் கேட்டு, கிடைக்கும் அனுமதியை எழுத்தில் பெற்றுக் கையில் வைத்திருக்க வேண்டும். அனுமதி இல்லை என்றால் அதோடு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, சமவெளியில் கட்டணம் பெற்றுக்கொண்டு தூண்டில் போட விடும் தனியார் மீன் பண்ணைக் குட்டை எதையாவது விசாரிக்கலாம். மறைவான இடம் பார்த்துத் தூண்டில் போடலாம் என்று யார் யோசனை சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடுகளின் பெரும்பகுதி 2013இல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பேரிஜம் ஏரியைப் பார்ப்பதற்கே வனத்துறையின் அனுமதி வேண்டும். காட்டுப் பகுதியிலுள்ள ஓடை, ஏரி எதிலும் தூண்டிலை வெளியே எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

[காட்சி: ஆரப்பாளையம் பேருந்து நிலையம். பிறகு மலைப்பாதை வளைவுகள்.]

பயண ஏற்பாட்டைச் சுருக்கமாகப் பார்ப்போம். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். பேருந்தில் ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். பேருந்துகள் ஆரப்பாளையத்திலிருந்து புறப்படுகின்றன. ரயிலில் வருகிறவர்கள் கொடை ரோடு நிலையத்தில் இறங்கினாலும், அங்கிருந்து இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் சாலைப் பயணம் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சொந்த வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும்; சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை வந்தது. 2025ஆம் ஆண்டு கோடைப் பருவத்திற்கு, வார நாட்களில் 4,000 வாகனங்களும் வார இறுதியில் 6,000 வாகனங்களும் மட்டுமே கொடைக்கானலுக்குள் அனுமதிக்கப்படும் என்று நீதிமன்றம் வரம்பு விதித்ததையும் எண்ணிப் பார்த்தால், வார நாளில் பேருந்தில் போவதே மன அமைதிக்கு நல்லது என்பது எங்கள் துணிபு. 5 லிட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் சென்றால் கரை முழுவதும் கூட்டமாக இருக்கும். படகுகள் எழுப்பும் அலைகள் ஓய்வதில்லை. அமர்வதற்கே இடம் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். ஏரி கலங்கும், மலைப்பாதையில் மண் சரியவும் கூடும். டிசம்பரிலும் ஜனவரியிலும் குளிர் கடுமையாக இருக்கும். பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச் மாதமும் எங்கள் தேர்வு. அது கைகூடாவிட்டால், கோடைக் கூட்டம் கலைந்த பிறகு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வார நாட்களில் குடையோடும் கம்பளிச் சட்டையோடும் செல்லலாம்.

[காட்சி: மீன் ஒன்றின் நெருக்கமான படம். வாயோரத்தில் இரண்டு இணை மீசைகள்.]

இப்போது மீனைப் பற்றிப் பேசலாம். கொடைக்கானல் ஏரியில் நாம் எதிர்பார்க்க வேண்டியது முதன்மையாகச் சாதாக் கெண்டை. இதன் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டையின் உடலில் செதில்கள் குறைவாகவும், இருப்பவை பெரிதாகவும் பளபளப்பாகவும் இருக்கும். இது நம் நாட்டு மீனன்று. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் குளிர்ந்த மலை ஏரிகளில் பரவலாக விடப்பட்டது. இதன் குணத்தைப் புரிந்துகொள்ள உடலமைப்பைப் பார்த்தாலே போதும். முன்னோக்கி நீண்டு விரியும் வாய், சேற்றைக் கிளறி உறிஞ்சுவதற்கென்றே அமைந்தது. மேல் உதட்டோரத்திலுள்ள இரண்டு இணை மீசைகளால் இரையின் சுவையையும் அசைவையும் உணர்கிறது. தாடையில் பற்கள் இல்லை; தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தை ஓட்டைக்கூட நசுக்கிவிடும். உறிஞ்சியதில் பிடிக்காததை அப்படியே வெளியே துப்பிவிடும் பழக்கமும் இதற்கு உண்டு. நீரில் மிதந்து மீன் கடிப்பதைக் காட்டும் தக்கை, இலேசாக ஆடி ஆடி நின்றுவிடுவது பெரும்பாலும் இதனால்தான்; அந்த ஆட்டத்திற்குக் கையை இழுத்தால் வெறும் தூண்டில் முள்தான் வரும். தக்கை ஒரே பக்கமாக நகரத் தொடங்கும்வரை, அல்லது சரேலென்று உள்ளே போகும்வரை பொறுத்திருப்பது நல்லது.

மீன் குளிர் இரத்த உயிரினம் என்பதால், நீரின் வெப்பமே அதன் பசியை நிர்ணயிக்கிறது. சமவெளிக் கண்மாயில் விடியற்காலையும் அந்தி நேரமும் சிறந்தவை. வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்கோ நிழலுக்கோ ஒதுங்கிவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் குளிர்ந்த மாதங்களில் இது பொருந்தாது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த நீரில் கெண்டை அதிகாலையில் மந்தமாக இருக்கும். சூரியன் ஏறி, ஆழம் குறைந்த ஓரங்கள் சற்றே வெதுவெதுப்பான பிறகுதான் இரையெடுக்க வரும். எனவே மதுரைப் பழக்கத்தில் 5 மணிக்கே எழுந்து நடுங்கிக்கொண்டு கரைக்குப் போகத் தேவையில்லை. நிதானமாகக் காலை உணவை முடித்து, 9 மணிக்கு மேல், வெயில் நேராக விழும் கரையைத் தேர்ந்து அமரலாம். மாலையில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியதும் எழுந்துவிடுவது பாதுகாப்பானது. பனியில் நனைந்த புல்சரிவு வழுக்கும்.

கெண்டை இனத்து மீன்களுக்குக் கேட்கும் திறனும் அதிகம். அவற்றின் காற்றுப்பையையும் உட்காதையும் சிறு எலும்புகள் இணைக்கின்றன. கரையில் கால் பட்டுத் தரை அதிரும் ஓசைகூட நீருக்குள் போய்ச் சேரும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், அவர்களே ஆர்வத்துடன் மெல்ல நடப்பார்கள்.

[காட்சி: மேசை மீது கருவிகள். கைகள் மட்டும் தெரிகின்றன.]

கருவிகளுக்கு வருவோம். விலையுயர்ந்த ரீல் இருந்தால்தான் மீன் விழும் என்பது சரியன்று. ஆழம் குறைந்த ஓரங்களில் 3 அல்லது 4 மீட்டர் நீளமுள்ள மூங்கில் கம்போ ஃபைபர் கம்போ போதும். நரம்பு 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கட்டும். முள் 6 அல்லது 8ஆம் எண். எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு வடிவில் நீளமாக இருப்பதே நல்லது; குண்டுத் தக்கை, கெண்டையின் மெல்லிய தொடுதலைக் காட்டாது. தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும் அளவுக்கு ஈயக்குண்டைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்து கொள்ளுங்கள்.

முள் கட்டும் முறையை அருகில் பாருங்கள். முள்ளின் காதுக்குள் நரம்பை நுழைத்து, சுற்றுவதற்குப் போதிய நீளம் விட்டு மடக்கி, நுனியை மூல நரம்பின் மீது ஐந்து அல்லது ஆறு சுற்றுகள் சுற்ற வேண்டும். பிறகு அந்த நுனியைக் காதுக்கு அருகில் உருவான சிறு வளையத்துக்குள் விட்டு, அப்போது தோன்றும் பெரிய வளையத்துக்குள்ளும் நுழைக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலாலோ தண்ணீராலோ நனைப்பது மிக முக்கியம். உலர்ந்த நைலான் உரசும்போது சூடேறி அந்த இடத்திலேயே பலம் இழந்துவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லப்படும் கதைகளில் பல, உலர்ந்த முடிச்சால் நேர்ந்தவை.

இரைக்கு மண்புழுவும் மாவும் போதுமானவை. மைதாவோடு அதில் பாதியளவு பொடித்த கடலைப் பிண்ணாக்கைச் சேர்த்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து, பரோட்டாவுக்குப் பிசைவதைவிடச் சற்றே கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். முள்ளில் நிற்காமல் கரைந்தால், ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்து மாவோடு சேர்த்துப் பிசையுங்கள்; அதன் இழைகள் மாவைப் பிடித்து வைக்கும். கொண்டைக்கடலை அளவு உருண்டை போதும், முள்ளின் கூர் மட்டும் வெளியே தெரியட்டும். உயிருள்ள சிறு மீன்களைச் சமவெளியிலிருந்து இரையாகக் கொண்டு போகவே கூடாது. ஜிலேபி மீன் என்று நாம் அழைக்கும் திலேபியா, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் கண்மாய்களில் எப்படிப் பெருகியிருக்கிறது என்பதைப் பார்க்கிறோம். வளர்ப்பதற்கே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இப்படித்தான் நீர்நிலைகளுக்குள் நுழைந்து நாட்டு மீன்களை விழுங்கியது.

[காட்சி: நீரிலிருந்து கைவலையில் தூக்கப்படும் மீன்.]

மீன் மாட்டிய பிறகு அவசரப்பட்டுக் கரையில் இழுத்துப் போடாமல், கைவலையில் ஏந்துங்கள். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடல்மீதுள்ள வழுவழுப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும், பிறகு நீரில் விட்டாலும் நோய் தொற்றி இறக்கக்கூடும். விட்டுவிட வேண்டிய மீனென்றால், முள்ளை மெல்லக் கழற்றி, நீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்து, அது தானாக வாலை அசைத்துப் புறப்படும்வரை காத்திருங்கள். அறுந்த நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; நீர்ப்பறவைகளின் கால்களில் சிக்கினால் அவற்றால் அவிழ்த்துக்கொள்ள முடியாது.

எடுத்துச் செல்ல அனுமதி இருந்தால், அன்றைக்குச் சமைக்கும் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கெண்டையை உயிரோடு பாத்திரத்தில் கொண்டுவந்து ஊர்க் கண்மாயில் விடலாம் என்று நினைக்க வேண்டாம். அயல் மீனை வேறொரு நீர்நிலைக்கு மாற்றுவதைவிட அதைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். மதுரைக்குக் கொண்டுவருவதானால் அங்கேயே செவுளையும் குடலையும் நீக்கி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் துண்டுகளை நிரப்பி, மூடி இறுகிய தெர்மாகோல் பெட்டியில் அடுக்குங்கள். மலையிலிருந்து இறங்க இறங்க வெப்பம் ஏறிக்கொண்டே போகும் என்பதால், வத்தலக்குண்டு வந்ததும் உருகிய தண்ணீரை வடித்துவிட்டுப் புதிய ஐஸ் நிரப்பிக்கொள்ள வேண்டும்.